பாசி டீச்சரின் மீனில்லாத் தொட்டி

எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதில் மீனைத் தவிர எல்லாம் இருக்கும். அடியில் கறுப்புச் சேறு, அதன்மேல் அழுகிப்போன நாலைந்து இலை, ஒரு கொத்து வேலம்பாசி, ஆறிப்போன டீயின் நிறத்தில் தண்ணீர். கண்ணாடியின் உள்பக்கம் பூராவும் பச்சைப் படலம். கொசு புகாமல் இருக்க மேலே வலைத்துணியை இழுத்துக் கட்டியிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள், மீன் செத்துப்போய் யாரும் கழுவாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

அந்தத் தொட்டியின் சொந்தக்காரி எங்கள் அறிவியல் ஆசிரியை. பாசி டீச்சர் என்று அவளுக்குப் பேர் வைத்தது நான்தான். கேலிக்குத்தான் வைத்தேன். அவளோ பல்கலைக்கழகமே கூப்பிட்டுப் பட்டம் கொடுத்த மாதிரி மலர்ந்துபோய் வாங்கிக்கொண்டாள். நான் கணக்கு டீச்சர், பக்கத்து அறை. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் முன்னால் வாங்க டீச்சர், போங்க டீச்சர். ஆசிரியர் அறைக்குள் வந்துவிட்டால் வாடி போடிதான்.

எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, பலகைத் தடுப்பு. நான் இந்தப் பக்கம் பின்னத்தைப் போராடிப் புரியவைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து, "டீச்சர், முழுங்கிட்டான், முழுசா முழுங்கிட்டான்" என்று ஒரு கூச்சல் வரும். என் வகுப்பின் அத்தனை காதும் தடுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பகுதியும் தொகுதியும் அம்போ. யாரை யார் முழுங்கினார்கள் என்று தெரியாமல் எனக்கே அடுத்த வரி ஓடாது. இந்த எரிச்சலோடுதான் நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

அவள் செய்வது பெரிய வித்தையெல்லாம் இல்லை. சொட்டுமருந்துக் குழாயால் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பாள். பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. அதன் அடியில் இருந்த கண்ணாடி எந்தக் காலத்திலோ உடைந்துபோனது. தன் பவுடர் டப்பாவின் கண்ணாடியைப் பெயர்த்து அங்கே ஒட்டி வைத்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தை அதில் பிடித்து மேலே திருப்பிவிட்டு, பிள்ளைகளை வரிசையில் விடுவாள். மேல்மட்டத்தில் எடுத்த சொட்டில் ஒரு கூட்டம் இருக்கும், சேற்றோரம் எடுத்ததில் வேறு கூட்டம், இலைக்கு அடியில் இன்னொரு கூட்டம். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது தபால்காரருக்குத் தெரு தெரிகிற மாதிரி அவளுக்குத் தெரியும். தலையில் சக்கரம் சுற்றுவதுபோல் மயிரிழைகளை ஆட்டித் தீனியை இழுப்பவர்கள், காம்பின்மேல் மணிபோல் விரிந்து நின்று, லேசாக அதிர்ந்தாலே சுருண்டுகொள்பவர்கள், வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் துள்ளும் நீர்த்தெள்ளுகள். எதையும் அது இது என்று சொல்ல மாட்டாள். "அவங்க இப்பதான் சாப்பிட்டிருக்காங்க, தகட்டை ஆட்டாதீங்க" என்பாள். எனக்கு ஒருநாளும் அவளிடம் கிடைத்திராத மரியாதை.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். நாலு பெண்களில் அவள் கடைக்குட்டி. அப்பா ஒரு ஆலையில் பாய்லர் பார்த்தவர். சின்ன வயதில் இவளுக்குக் கண் ரொம்ப மோசம். அது வீட்டில் யாருக்கும் தெரியாது, இவளுக்கே தெரியாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் கலங்கலாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாததால் மக்கு என்று பேர் எடுத்தாள். பிறகு யாரோ சொல்லி, அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து நடுத்தெருவில் நின்று அழுதாளாம். கண்ணாடி உறுத்துகிறதாக்கும் என்று பயந்து அப்பா அதைக் கழற்றச் சொன்னார். கழற்ற மாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாளாம். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கல்யாணம் பண்ணிக்கொண்டது யாரை என்கிறீர்கள்? வண்ணமீன் கடைக்காரரை. கடைக்குப் பின்னால் வெயிலில் கிடந்த ஒரு பச்சைத் தொட்டியைக் காட்டி, அதை அப்படியே கொடுங்கள் என்று கேட்கப்போய், பேச்சு நீண்டு, கடைசியில் கடைக்காரரே வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷன். ஆனால் தொழிலில் அவருக்கு ஒரே வேதம்தான்: கண்ணாடி இருப்பதே தெரியக்கூடாது. மீன் காற்றில் நீந்துகிற மாதிரி இருக்க வேண்டும். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு தொட்டியாகத் தேய்ப்பார். அவர் தேய்த்து எடுக்கும் பாசியை இவள் ஒரு ஜாம் பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். அவர் தள்ளுவது இவளுக்குத் தங்கம். எலியும் பூனையுமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் ஒருவரையொருவர் அப்படித் தாங்குவார்கள்.

போன வருஷம்தான் வினை வந்தது. சலவைக்கடை நடத்தும் ஒரு அம்மாவின் மகள் பாசி டீச்சரின் வகுப்பு. அந்தப் பெண் வீட்டுக்குப் போய், "தண்ணிக்குள்ள என்னென்னவோ சுத்துதும்மா, வாயைத் திறந்து திறந்து மூடுதும்மா" என்று தினமும் கதை சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். அந்த அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். கறை என்றால் ஆகாதவர்; நாள் பூராவும் ஊரார் துணியில் இருக்கும் கறையோடு மல்லுக்கட்டுகிறவர். நேரே தலைமையாசிரியை அறைக்கு வந்து, பிள்ளைகள் படிக்கிற இடத்தில் சாக்கடையைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார்.

எங்கள் தலைமையாசிரியைக்குச் சத்தம் என்றால் பயம். நல்லவர், ஆனால் காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவர். திங்கள்கிழமை காலை பெற்றோரைக் கூட்டி, அவர்கள் கையைத் தூக்கி என்ன முடிவு சொல்கிறார்களோ அதன்படி செய்வது என்று அறிவித்தார். தொட்டி வேண்டாம் என்றால் அன்றைக்கே வெளியே. அந்த அறையின் ஜன்னலோரத்தில் விளையாட்டுச் சாமான் அலமாரி வரும். பாசி டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. எல்லோரும் வந்து ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும், அது போதும் என்றாள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. பெற்றோர் கூட்டம் என்பது எனக்குத் தெரியாததா?

போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை தொட்டியின் ஒரு மூலை கசிய ஆரம்பித்தது. சனியும் ஞாயிறும் இவளுக்கு வேறொரு பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலை. கணவரிடம் சாவியைக் கொடுத்து, அந்த மூலையை மட்டும் அடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருக்கிற மனுஷனுக்கு இதைச் சொல்லவா வேண்டும் என்று இவள் நினைத்தாள். பெற்றோர் எல்லாம் பார்க்க வருகிற தொட்டியை இந்த லட்சணத்திலா கொடுப்பது என்று அவர் நினைத்தார்.

திங்கள்கிழமை காலை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் அந்த அறைக்குள் நுழைந்தோம். உள்ளே நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வரிசையாக மேலே வரும் காற்றுக்குமிழி, தலைக்குமேல் ஒரு குட்டி விளக்கு. நடுவில் இரண்டு தங்கமீன்கள், காற்றில் நீந்திக்கொண்டிருந்தன. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் அவள் கணவர், சட்டை மாற்றிக்கூட வராமல், இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பரிசு கொடுத்துவிட்டுப் பிரிக்கும்வரை காத்திருக்கிறவரின் முகம்.

நானாக இருந்தால் கூரை பறந்திருக்கும். அவள் ஒரு நிமிஷம் தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்றாள். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்தான். ஆனாலும் மனைவியின் குரல் தெரியாதவர் இல்லை. முகம் சுண்டிப்போய்விட்டது.

அதற்குள் தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்கு வாயெல்லாம் பல். இதைத்தானே முதலிலேயே செய்திருக்க வேண்டும், இனி யார் என்ன சொல்லப்போகிறார்கள், கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். உண்மைதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எனக்கும் தோன்றியது. அவளை ஓரமாக இழுத்துப்போய், பேசாமல் இரு, தொட்டி தப்பித்தது, கொஞ்சநாள் கழித்து உன் இஷ்டப்படி மெல்ல மாற்றிக்கொள் என்று காதோடு சொன்னேன்.

"தொட்டி தப்பிச்சுதுடி. அதுல இருந்தவங்க?" என்று கேட்டாள்.

அவள் கணவர் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், பழைய தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள் என்று விசாரித்தாள். சாக்கடையில். சேறு? அதுவும் சாக்கடையில். தேய்த்த பஞ்சு? அவர் முழித்தார். கடையில், தண்ணீர் மொண்டு கொட்டிய வாளியிலேயே கிடக்கிறது, கடைசி வாளித் தண்ணீரோடு, இன்னும் அலசவில்லை என்றார். கண்ணாடியை ஆள் முகம் தெரியத் துடைக்கிற மனுஷன் பஞ்சை மட்டும் ஒருநாளும் உடனே அலசியதில்லையாம். வீட்டில் அதற்குத் தினமும் சண்டையாம். அன்றைக்கு அவள் அந்தச் சோம்பலைக் கும்பிடாத குறை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அவர் வாளியோடு திரும்பியபோது பெற்றோர் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கமீனைப் பார்த்து எல்லோர் முகத்திலும் திருப்தி. முன்வரிசையில் சலவைக்கடை அம்மா. அவர் மகள் கடைசி பெஞ்சில், மேஜையோடு மேஜையாகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். தொட்டியைத் தூக்கச் சொன்னது இவள் அம்மா என்று தெரிந்த நாளிலிருந்து வகுப்பில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. பாசி டீச்சர் சொல்லிப் பார்த்தும் பலனில்லை.

தலைமையாசிரியை ஆரம்பிக்கும் முன்னால் பாசி டீச்சர் எழுந்து நின்றாள். நீங்கள் பார்க்க வந்தது இந்தத் தொட்டியை இல்லை என்றாள். இது தன் வீட்டுக்காரர் அன்போடு செய்தது, ரொம்ப அழகாக இருக்கிறது, ஆனால் இதற்காகத் தான் வாதாடப் போவதில்லை. தனக்கு வேண்டியது பழைய தண்ணீர், அதில் இருந்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் இந்தப் பஞ்சுக்குள் இருக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். பச்சையும் கறுப்புமாக வழிந்த அந்தப் பஞ்சைத் தூக்கிக் காட்டியதும் முன்வரிசை மூக்கைப் பொத்தியது. தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. கையில் விழுந்த பழத்தை இவள் எடுத்துச் சாக்கடையில் போடுகிறாளே என்று எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பஞ்சை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்தாள். ஒரு சொட்டைத் தகட்டில் வைத்தாள். பவுடர் டப்பாக் கண்ணாடியைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். தகட்டைத் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு. அதையும் துடைத்தாள். அறையில் செருமல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் கணவர் வாசற்படியில் வாளியோடு நின்றார்; அந்த வாளிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாமா என்று பார்ப்பவர் மாதிரி இருந்தது. மூன்றாவது சொட்டைக் கிண்ணத்தின் அடியிலிருந்து எடுத்தாள். இரண்டு பஞ்சிழையைப் பிரித்து அந்தச் சொட்டுக்குள் போட்டாள். ஓடுகிறவர்கள் ஓடாமல் நிற்பதற்கு. குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இருக்காங்க" என்றாள்.

என்னமோ விபத்தில் மாட்டிய சொந்தக்காரர்களைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து திட்டியவளுக்கு என்ன கண்ணீர் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் நேரே சலவைக்கடை அம்மாவிடம் போய், நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், அதைப் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிறேன்; காய்ச்சல் இதனால் வந்ததா என்று மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்; ஆனால் உங்கள் மகள் வீட்டில் சொன்னது என்ன என்பதை நீங்கள் பார்த்தாக வேண்டும் என்றாள்.

அந்த அம்மா வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். முதலில், வெறும் அழுக்குதான் இருக்கிறது என்றார். பிறகு, "இது என்ன, நம்ம மெஷின் மாதிரி சுத்தி சுத்தி அழுக்க உள்ள இழுக்குது?" என்றார். சுழலும் தலைக்காரர் ஒருவர் பஞ்சிழையைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர்கள் இழுப்பது அழுக்குதான், தின்று தின்று தண்ணீரைத் தெளியவைப்பது அவர்களுடைய வேலை என்று பாசி டீச்சர் சொன்னாள். அந்த அம்மா நிமிரவே இல்லை. தகட்டை எப்படி நகர்த்துவது என்று கேட்டு, அதையும் தானே நகர்த்த ஆரம்பித்தார்.

பின்னால் வரிசை நீண்டது. எங்களையும் பார்க்க விடுங்கள் என்று ஒரு லாரி டிரைவர் குரல் கொடுத்தார். தலைமையாசிரியைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தை முடித்துவிடும் அவசரத்தில், தங்கமீன் இருக்கட்டுமா பழைய தண்ணீர் திரும்ப வேண்டுமா என்று கேட்டு, பழையது வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லோரும் முன்னால் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்தார்கள். புகார் கொடுத்தவர் அவர். அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் மற்றவர்களும். ஒரு கைகூட எழவில்லை.

அந்த முதுகு அசையாமலே பேசியது. "கொஞ்சம் பொறுங்க. இங்க ஒண்ணு செருப்பு மாதிரி இருக்கு. நடுவுல இறுக்கிக் கட்டுன மாதிரி ஆயிட்டு வருது."

பாசி டீச்சரின் கை சட்டென்று என் கையைப் பிடித்தது. ஒருவர் இருவராகப் பிரியப்போகிறார் என்று மெதுவாக எல்லோருக்கும் சொன்னாள். அவளே அதைத் தகட்டில் சில தடவைதான் பார்த்திருக்கிறாளாம். அந்த அம்மாவை நகரச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, நகர்ந்திருக்கவும் மாட்டார். பார்ப்பதற்கு ஒரே கண், கேட்பதற்கு அறை முழுக்கக் காது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மெலிந்துவிட்டது, நூல் மாதிரி ஆகிவிட்டது, இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கின்றன. லாரி டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமையாசிரியை, அவரே அறியாமல், இரண்டடி முன்னால் வந்திருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் பலகைத் தடுப்பின் அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக இருந்தார்கள். நான் எத்தனை கத்தியும் ஒருநாளும் கிடைக்காத அமைதி.

"ஜோடி ஆயிடுச்சு" என்றார் அந்த அம்மா.

அறையே கைதட்டியது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தட்டினார்கள். அவர் நிமிர்ந்தபோது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்து சிவந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைத்தான் பார்த்தார்.

"இங்க வாடி. நீ தினம் தினம் சொன்னது நெசந்தான். நான்தான் நம்பல. வந்து பாரு, ரெண்டு பேரும் இன்னும் பக்கத்துலதான் இருக்காங்க."

அந்தப் பெண் எழுந்து வர, வழியில் இருந்த பெஞ்சுகளில் பிள்ளைகள் காலை ஒடுக்கி இடம் விட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். தாயும் மகளும் ஒரே நுண்ணோக்கிக் குழாயில் மாற்றி மாற்றிக் கண்ணை வைத்தார்கள். சலவைக்கடை அம்மா மகளுக்கு இடம்விட்டு விலகி நின்று, தலைமையாசிரியையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். லாரி டிரைவர் தூக்கினார். பிறகு கை எண்ண முடியாதபடி எழுந்தது. பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கினார்கள். வாசற்படியில் கடைக்காரர், தான் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த தொட்டிக்கு எதிராக, வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினார். பாசி டீச்சர் அவரைப் பார்த்ததும் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒளிக்கத் தெரியாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்து, ஆசிரியர்களுக்கு ஓட்டு கிடையாது டீச்சர், கையை இறக்குங்கள் என்றார். தெரியும் மேடம் என்றேன். இறக்கவில்லை.